குழந்தைக்குத் தடிப்பு வந்தால் இறாலைத் திட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். நாலு வயதுப் பையன், போன வாரம் சளியும் காய்ச்சலும், வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு இறால் தொக்கோடு சோறு சாப்பிட்டான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்தபோது தொடை, முதுகு, வயிறு என்று திட்டுத் திட்டாகத் தடிப்பு, ஒரே அரிப்பு. மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையைப் போட்டால் தூங்கி வழிகிறான், தடிப்பும் அடங்குகிறது, ஆனால் சில மணி நேரத்தில் வேறு இடத்தில் கிளம்புகிறது. நாலு நாளாகிவிட்டது. மாமியார் இறால், முட்டை, கருவாடு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார், பக்கத்து லேபில் அலர்ஜி பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

நான் குழந்தைகள் மருத்துவர், வெளிநோயாளிப் பிரிவில் இந்தக் கதையை அநேகமாக வாரம் ஒரு தடவையாவது கேட்கிறேன், சாப்பாட்டின் பெயர் மட்டும்தான் மாறும். பையனைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது சரி. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இறால் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சளிக் காய்ச்சல்தான் காரணமாக இருக்க வேண்டும். அலர்ஜி பேக்கேஜ் இப்போது வேண்டாம். மாத்திரையை மாற்ற வேண்டும், கொடுக்கும் முறையையும் மாற்ற வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது திரும்ப வரக்கூடிய விஷயம், அடுத்த தடவை நீங்களே பாதி முடிவு எடுக்கலாம்.

முதலில் இது காணாக்கடிதானா என்று பார்த்துவிடுவோம். ஊரில் காணாக்கடி என்பார்கள், ஏதோ கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்துவிட்டது என்ற எண்ணத்தில் வந்த பெயர். மருத்துவத்தில் அர்டிகேரியா. அது லத்தீனில் ஒரு செடியின் பெயரிலிருந்து வந்தது, நம் வேலியோரக் காஞ்சொறி மாதிரி தொட்டால் தடிக்க வைக்கும் செடி. சிறு வயதில் காஞ்சொறியில் கால் பட்டவர்களுக்கு இந்த நோயை விளக்கவே வேண்டியதில்லை. தோலுக்கு அடியில் மாஸ்ட் செல் என்று சில செல்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் பொட்டலம் பொட்டலமாக இருக்கும். ஏதாவது ஒன்று அந்தச் செல்லைத் தூண்டிவிட்டால் பொட்டலம் பிரிந்து ஹிஸ்டமின் வெளியே வரும், பக்கத்து நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசியும், அந்த இடம் உப்பும், அரிக்கும். கசிந்த நீரை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொண்டதும் தோல் பழையபடி ஆகிவிடும், ஒரு தழும்பும் இருக்காது. தூண்டிவிடுவது அலர்ஜியாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. வைரஸ் கிருமி தூண்டலாம், சில மருந்துகள் நேரடியாகத் தூண்டலாம், குளிர், வியர்வை, அழுத்தம்கூடத் தூண்டலாம். 'தடிப்பு என்றால் அலர்ஜி, அலர்ஜி என்றால் சாப்பாடு' என்று நாம் கட்டிவைத்திருக்கும் சங்கிலியில் முதல் கண்ணியே பிசகு.

தடிப்பு எப்படி இருக்கிறது என்பதை விட ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் காணாக்கடிக்கு அடையாளம். ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்து, இப்போது இருக்கும் ஒரு தடிப்பைச் சுற்றி வட்டம் போடுங்கள், பக்கத்தில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். காணாக்கடி என்றால் 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டம் காலியாகியிருக்கும், பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே. வேறு இடத்தில் புதிதாக வந்திருக்கும், அது பரவாயில்லை. வட்டத்துக்குள் அதே தடிப்பு இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உட்கார்ந்திருந்தால் அது வேறு ஏதோ. கூடவே மொபைலில் படம் எடுத்துவையுங்கள், ஏனென்றால் நீங்கள் டோக்கன் போட்டு டாக்டரைப் பார்க்கும்போது பையனின் தோல் பளிங்கு மாதிரி இருக்கும், 'காலையில் எவ்வளவு இருந்துச்சு தெரியுமா' என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். படம் எடுக்கும்போது ஒரு விஷயம். பாடப் புத்தகங்களில் இந்தத் தடிப்பு செக்கச் செவேலென்று இருக்கும், அது வெள்ளைத் தோல். நம் பிள்ளைகளின் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, பெரும்பாலும் தோல் நிறத்திலேயே மேடு மேடாகத்தான் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மேடு தெரியும், விரலால் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். சிவப்பாக இல்லையே என்று காணாக்கடியை இல்லையென்று சொல்லிவிட வேண்டாம்.

வட்டம் காலியாகவில்லை என்றால் என்னவெல்லாம் இருக்கலாம்? நம் ஊரில் முதலிடம் பூச்சிக்கடிக்குத்தான். கொசு, மூட்டைப்பூச்சி, நாய் உண்ணி கடித்து, கடித்த இடத்தில் பட்டாணி அளவுக்குக் கெட்டியான கொப்புளங்கள், நடுவில் ஒரு புள்ளி, கை கால் போன்ற திறந்த இடங்களில் கூட்டம் கூட்டமாக, வாரக்கணக்கில் இருக்கும். பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாது, குழந்தைக்கு மட்டும் வரும், அதனால் பூச்சி என்று யாரும் நம்புவதில்லை. அடுத்தது சொறி சிரங்கு, இரவில் அரிப்பு கூடும், விரல் இடுக்கைப் பாருங்கள், வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருப்பார். இவை இரண்டும் தொல்லைதான், ஆபத்து இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: அரிப்பை விட வலியோ எரிச்சலோ அதிகமாக இருப்பது, தடிப்பு மறைந்த இடத்தில் கன்னிப்போன மாதிரி கறை விடுவது, மூட்டு வீங்கி நடக்க மறுப்பது, காலிலும் பின்புறத்திலும் ஊதாப் புள்ளிகள் வருவது. ஒரு கண்ணாடி டம்ளரை அந்தப் புள்ளி மேல் அழுத்திப் பாருங்கள். காணாக்கடி என்றால் அழுத்தத்தில் சிவப்பு வெளிறும். வெளிறாமல் அப்படியே தெரிந்தால் அது தோலுக்குள் கசிந்த ரத்தம், கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், டெங்கு சீசனில் கேட்கவே வேண்டாம்.

சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. தடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளையம் வளையமாக, நடுவில் மங்கிய ஊதா நிறத்தோடு, தேசப்படம் வரைந்த மாதிரி இருக்கும். கை, பாதம், கண் இமை உப்பும். பார்க்கப் பயமாக இருக்கும், குழந்தை என்னவோ விளையாடிக்கொண்டிருக்கும். இதுவும் காணாக்கடியின் ஒரு வகைதான், பெரும்பாலும் வைரஸ் காய்ச்சலை ஒட்டி வருவது. இதைப் பெரிய நோயாக எண்ணி அட்மிட் செய்து ஏகப்பட்ட ரத்தப் பரிசோதனை எடுத்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கேயும் பேனா வட்டம்தான் வழி காட்டும், ஒவ்வொரு வளையமும் ஒரு நாளுக்குள் இடம் மாறிவிடும்.

சரி, இறாலுக்கு வருகிறேன். உணவு அலர்ஜியால் வரும் தடிப்புக்கு ஒரு நேர ஒழுக்கம் இருக்கிறது. சாப்பிட்ட சில நிமிடங்களில் வரும், தள்ளிப்போனால் இரண்டு மணி நேரம். அதோடு ஒவ்வொரு தடவை அதைச் சாப்பிடும்போதும் வரும், சாப்பிடாத நாளில் வராது, வந்ததும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். உங்கள் பையன் சாப்பிட்டது இரவு எட்டு, தடிப்பு தெரிந்தது காலை ஆறு. அதற்கு முன்பும் பல தடவை இறால் சாப்பிட்டிருக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முக்கியமாக, ஞாயிறுக்குப் பிறகு இறாலே சமைக்கவில்லை, ஆனாலும் நாலு நாளாகத் தடிப்பு வந்துகொண்டிருக்கிறது. சனிக்கிழமை தின்ற இறால் புதன்கிழமை வரை வயிற்றில் ஒளிந்திருந்து வேலை செய்யாது. குழந்தைகளுக்குத் திடீரென்று வரும் காணாக்கடிக்கு, காரணம் கண்டுபிடிக்க முடிந்தவற்றில் முதலிடம் வைரஸ் தொற்றுக்குத்தான். சாதாரணச் சளி, தொண்டை வலி, வயிற்றுப்போக்கு எதுவாகவும் இருக்கலாம், காய்ச்சல் இருக்கும்போதும் வரும், விட்ட சில நாளில் கிருமியை எதிர்த்து உடம்பு சண்டை போட்டு முடிக்கும் நேரத்திலும் வரும். நிறையக் குழந்தைகளுக்கு என்ன காரணம் என்றே கடைசி வரை தெரியாது, தெரியாமலே சரியாகியும் போகும்.

மீன் விஷயத்தில் மட்டும் ஒரு கிளைக்கதை சொல்லிவிடுகிறேன். சூரை, அயிலை மாதிரி மீன்களைப் பிடித்ததும் ஐஸில் போடாமல் வெயிலில் விட்டால் மீனிலேயே பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் முகம் சிவந்து தலை வலித்து உடம்பெல்லாம் தடிக்கும், ஒரே சட்டியில் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்து வரும். இது அலர்ஜியே இல்லை, மீன் கெட்டுப்போனதன் விளைவு. அடுத்த வாரம் நல்ல மீன் வாங்கினால் ஒன்றும் ஆகாது. இதற்காக வாழ்நாள் முழுக்க மீனை விட்ட குடும்பங்கள் இருக்கின்றன.

கத்தரிக்காயும் கருவாடும்? மாமியாரோடு இதற்காகச் சண்டை போட வேண்டாம், நாலு நாள் கத்தரிக்காய் சாப்பிடாவிட்டால் எந்தப் பிள்ளைக்கும் குறை வராது. முட்டை, பால், பருப்பு என்று பட்டியல் நீளும்போதுதான் நான் குறுக்கே நிற்பேன். தடிப்புக்காக ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி, ஆறு மாதத்தில் சோறும் ரசமும் இட்லியும் மட்டும் சாப்பிட்டு எடை இறங்கிப்போய் வந்த ஒரு குழந்தையைப் பார்த்திருக்கிறேன். தடிப்பு அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் குழந்தைக்கு அந்தப் பட்டியலைக் கொடுத்தது பாட்டி இல்லை, ஒரு லேப் ரிப்போர்ட்.

அலர்ஜி பேக்கேஜ் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அதுதான். அந்த ரத்தப் பரிசோதனை பார்ப்பது, குறிப்பிட்ட உணவுக்கு எதிரான ஐஜிஇ என்ற புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று. அது இருப்பதும் அலர்ஜி இருப்பதும் ஒன்றில்லை. எந்தத் தொல்லையும் இல்லாமல் தினமும் முட்டை சாப்பிடும் குழந்தைக்கும் முட்டைக்கு எதிரான ஐஜிஇ கொஞ்சம் இருக்கலாம். ஐம்பது அறுபது பொருளை ஒரே மூச்சில் பரிசோதித்தால் நாலைந்து பாசிட்டிவ் வராமல் போவதுதான் அதிசயம். எந்த உணவின் மேல் சந்தேகம், எத்தனை நிமிடத்தில் வந்தது, எத்தனை தடவை வந்தது என்ற கதை கையில் இருந்தால் அந்த ஒரு உணவுக்கு மட்டும் ரத்தத்திலோ, தோலில் குத்திப் பார்க்கும் முறையிலோ பரிசோதிக்கலாம், அப்போது அதற்கு அர்த்தம் உண்டு. ஆறு வாரத்துக்குள் இருக்கும் சாதாரணக் காணாக்கடிக்கு, நன்றாக விசாரித்துக் குழந்தையைத் தலை முதல் கால் வரை பார்த்தால் போதும், பெரும்பாலும் ஒரு பரிசோதனையும் தேவையில்லை. பூச்சி மாத்திரையைப் பற்றியும் கேட்பீர்கள். பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியில் அல்பெண்டசோல் கொடுத்திருப்பார்கள், அது விட்டுப்போயிருந்தால் கொடுங்கள், நல்லதுதான், ஆனால் இந்தத் தடிப்புக்கு அதை மருந்தாக நம்ப வேண்டாம்.

இனி மருந்து. கடையில் கொடுத்தது அவிலாகவோ சிபிஎம் எனப்படும் குளோர்பெனிரமினாகவோ இருக்கும் என்று நினைக்கிறேன், தூங்கி வழிகிறான் என்று நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன். இவை பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்கள், அதாவது ஹிஸ்டமினை வேலை செய்யவிடாமல் தடுக்கும் மருந்துகள். மூளைக்குள் நுழைந்து தூக்கத்தைக் கொடுக்கும், சில குழந்தைகளுக்கு நேர்மாறாக ஆட்டம் போட வைக்கும், வேலையும் சில மணி நேரம்தான். 'அடங்கித் திரும்ப வருகிறது' என்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். தூங்கினால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை, அப்படி ஒன்றும் இல்லை. இதே குடும்பத்தில் ப்ரோமெதசின் என்று ஒன்று உண்டு, மூச்சை அடக்கிவிடும் அபாயத்தால் 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. இன்றைக்குக் காணாக்கடிக்கு முதல் மருந்து இரண்டாம் தலைமுறை வகை: செட்ரிசின், லீவோசெட்ரிசின், லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின். இவற்றுக்கு விலையும் அதிகமில்லை. செட்ரிசினில் 2 முதல் 5 வயது வரை வழக்கமான அளவு 2.5 மில்லிகிராம் காலை, இரவு இரு வேளை. 6 முதல் 11 வயதுக்கு 5 மில்லிகிராம் இரு வேளை. லீவோசெட்ரிசின் என்றால் அதில் பாதி. சிறுநீரகத் தொல்லை இருக்கும் குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, 2 வயதுக்குக் கீழே என்றால் டாக்டர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். மருந்துச் சீட்டில் எத்தனை மில்லி என்று இருந்தாலும் பாட்டிலில் எத்தனை மில்லிகிராம் என்று படியுங்கள். சிரப் 5 மில்லியில் 5 மில்லிகிராம் இருக்கும், சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 10 மில்லிகிராம் வரை இருக்கும், இரண்டையும் மாற்றிக் கொடுத்த வீடுகள் உண்டு.

இதைக் கொடுக்கும் முறைதான் மருந்தை விட முக்கியம், பெரும்பாலானவர்கள் சறுக்குவதும் இங்கேதான். தடிப்பு வந்ததும் ஒரு டோஸ், மறைந்ததும் நிறுத்தம், மறுபடி வந்ததும் ஒரு டோஸ் என்று கொடுத்தால் நீங்கள் தடிப்பின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஆன்டிஹிஸ்டமின் ஏற்கனவே உப்பிவிட்டதைக் கரைப்பதை விட அடுத்தது உப்பாமல் தடுப்பதில்தான் கெட்டி. ஹிஸ்டமின் போய் உட்காரும் நாற்காலியில் அது முன்கூட்டியே உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வாரம், பத்து நாள் நேரம் தவறாமல் கொடுங்கள், இரண்டு மூன்று நாள் ஒரு தடிப்பும் வரவில்லை என்ற பிறகு நிறுத்திப் பாருங்கள். திரும்ப வந்தால் இன்னும் ஒரு வாரம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் கதை முடிந்துவிடும். இதே நேரத்தில் சளி மருந்து கொடுக்கிறீர்களா என்றும் பாருங்கள், நிறைய சளி சிரப்புகளில் சிபிஎம் உள்ளே கலந்திருக்கும், தெரியாமலே இரண்டு ஆன்டிஹிஸ்டமின் போகும். சிபிஎம்மும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவு போட்டிருக்கிறது, ஆனாலும் பல வீட்டு அலமாரியில் அது இருக்கிறது.

காய்ச்சல் திரும்ப வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபனும் மெஃபனமிக் ஆசிடும் மாஸ்ட் செல்லை இன்னும் கிளறிவிடலாம், காணாக்கடி இருக்கும் குழந்தைக்குத் தடிப்பைக் கூட்டலாம், டெங்குவாக இருந்துவிட்டால் அது தனி ஆபத்து. ஸ்டீராய்டு ஊசி போட்டால் 'உடனே கேட்கிறது' என்பார்கள். முகமும் உதடும் வீங்கி மிகவும் கடுமையாக இருக்கும் குழந்தைக்கு இரண்டு மூன்று நாள் வாய்வழியாகக் கொடுப்பதுண்டு, அது டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. தடிப்பு வரும்போதெல்லாம் கடையில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை வாங்கிக் கொடுப்பது வேறு, அதை நிறுத்தியதும் முன்னை விடக் கடுமையாகக் கிளம்பலாம், மாதக்கணக்கில் போனால் வளர்ச்சியையே பாதிக்கும்.

வீட்டு வைத்தியத்தில் பெரும்பாலானவை கெடுதல் இல்லாதவை, குளிர்ந்த நீரில் நனைத்த துணி, தளர்ந்த பருத்திச் சட்டை, காலமைன் லோஷன் எல்லாம் அரிப்புக்கு இதம். சூடான வெந்நீர்க் குளியல் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். சில வீடுகளில் கம்பளியால் பரபரவென்று தேய்த்துவிடுவார்கள். தேய்ப்பதே தடிப்பைத் தூண்டும் என்பதால் அதை விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுவதை மட்டும் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன், சின்னக் குழந்தை அதை நக்கினாலோ கட்டியை விழுங்கினாலோ வலிப்பு வரலாம்.

போன வாரக் காய்ச்சலுக்கு அமாக்ஸிசிலின் என்ற பென்சிலின் வகை ஆன்டிபயாடிக் கொடுத்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் அங்கேயும் மணிக்கணக்குதான். முதல் டோஸ் கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடித்தால் அது உண்மையான அலர்ஜியாக இருக்கலாம், அந்த மருந்தை நிறுத்தி நிபுணரைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் நாள், ஏழாம் நாள் வந்தது என்றால் மருந்தை விட அந்தக் காய்ச்சல் கிருமிதான் காரணமாக இருக்க வாய்ப்பு. கனடாவில் மான்ட்ரியாலில் அமாக்ஸிசிலினால் தடிப்பு வந்ததாகச் சொல்லப்பட்ட 818 குழந்தைகளுக்கு மருத்துவக் கண்காணிப்பில் அதே மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்த்து 2016ல் வெளியிட்டார்கள், 94 சதவீதம் பேருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதற்காக வீட்டில் நீங்களே கொடுத்துப் பார்க்கக் கூடாது. ஆனால் 'பென்சிலின் ஆகாது' என்ற முத்திரையை நோட்டில் எழுதும் முன் எந்த மருந்து, எத்தனையாவது நாள், எத்தனை மணி நேரம் கழித்து என்று எழுதிவைத்தால் பின்னால் பெரிய உதவி. மருந்து தொடங்கி ஒன்று முதல் மூன்று வாரத்தில் தடிப்போடு காய்ச்சலும் மூட்டு வீக்கமும் சேர்ந்து வந்தால் அது வேறு வகை, உடனே காட்டுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நாள் கணக்கு. நிமிடக் கணக்கில் ஓட வேண்டிய ஒரு நிலை இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதைத் தெரிந்து பிரயோஜனம் இல்லை. எதையோ சாப்பிட்ட, ஊசி போட்ட, குளவி அல்லது தேனீ கொட்டிய கொஞ்ச நேரத்தில் தடிப்போடு கூடவே இருமல், இளைப்பு, மூச்சுத் திணறல், குரல் கரகரப்பது, எச்சில் விழுங்க முடியாமை, திரும்பத் திரும்ப வாந்தி, குழந்தை வெளிறித் துவண்டு போவது இவற்றில் ஏதாவது வந்தால் அது அனஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. சில குழந்தைகளுக்குத் தடிப்பு இல்லாமலேயே இது வரும். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றுதான். அதைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும், எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், உங்கள் பையன் 15 கிலோ என்றால் 0.15 மில்லிகிராம். செட்ரிசின் கொடுத்துவிட்டு 'கேட்கிறதா பார்ப்போம்' என்று காத்திருக்கும் நேரத்தில்தான் உயிர் போகிறது. வெளிநாட்டில் பெற்றோர் கையில் வைத்திருக்கும் பேனா மாதிரியான ஊசி நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை, அதனால் 108ஐக் கூப்பிட வேண்டும், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தால் ஆட்டோவில் ஏறுவது இன்னும் வேகம். வண்டி வரும் வரை குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்திவையுங்கள், மூச்சுத் திணறினால் உட்கார விடலாம், தூக்கி நிறுத்தவோ நடக்கவிடவோ வேண்டாம். ஊசி போட்டுச் சரியானாலும் சில மணி நேரம் கழித்து இரண்டாம் தடவை கிளம்பலாம், அதனால் உடனே வீட்டுக்குக் கூட்டிவரக் கூடாது. வெறும் தடிப்பும் உதடு, கண் இமை வீக்கமும் மட்டும், குழந்தை பேசுகிறான், விளையாடுகிறான் என்றால் அது இந்த வகை இல்லை. இமை வீக்கம் வடிய இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம்.

அப்புறம் ஆறு வாரக் கணக்கு. ஆறு வாரம் தாண்டியும் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் வந்துகொண்டிருந்தால் அதை நாள்பட்ட காணாக்கடி என்போம், அப்போது தேடும் திசையே வேறு. அதில் உணவு காரணமாக இருப்பது மிக அரிது. உடம்பே தன் மாஸ்ட் செல்லுக்கு எதிராக வேலை செய்வது ஒரு வகை, அதனால் ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, தேவைப்பட்டால் தைராய்டு பார்ப்போம். இன்னொரு வகை தூண்டினால் மட்டும் வருவது. இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். முதுகில் விரல் நகத்தால் லேசாகக் கோடு போட்டால் சில நிமிடத்தில் கோடு கோடாகத் தடிக்கிறதா, ஸ்கூல் பை வார் பட்ட இடத்தில் மட்டும் வருகிறதா, பி.டி. பீரியட் முடிந்து வியர்த்ததும் குண்டூசித் தலை அளவில் பொடிப் பொடியாக வருகிறதா, ஐஸ்கிரீம் பிடித்த கையில் வருகிறதா. குளிரில் வரும் வகையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்ததும் உடம்பெல்லாம் தடித்தது என்றால், முழு உடம்பும் ஒரே நேரத்தில் குளிரும்போது ரத்த அழுத்தம் விழுந்து தண்ணீரிலேயே மயங்கலாம். அந்தக் குழந்தையைத் தனியாக நீந்த விடக் கூடாது. நாள்பட்டதற்கும் மருந்து அதே இரண்டாம் தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்தான், மாதக்கணக்கில் தினமும், கேட்காவிட்டால் நிபுணர் மேற்பார்வையில் நாலு மடங்கு வரை கூட்டுவார்கள். அதற்கும் கேட்காத 12 வயது தாண்டிய பிள்ளைகளுக்கு ஓமாலிசுமாப் என்ற ஊசி இருக்கிறது, விலைதான் கையைக் கடிக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வருடங்களில் தானாக விட்டுவிடும்.

உங்கள் பையன் அந்த இடத்துக்கு வரவில்லை, நாலு நாள்தான் ஆகியிருக்கிறது. இன்றைக்கு அந்தப் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு, உங்கள் டாக்டரிடம் ஒரு தடவை காட்டி எடையைப் பார்த்து செட்ரிசினைத் தொடங்குங்கள், பேனா வட்டத்தை மறக்க வேண்டாம். ஸ்கூலுக்கு அனுப்பலாம், இது யாருக்கும் ஒட்டாது, மிஸ்ஸிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதினோரு மணிக்கு உங்களுக்கு போன் வரும். இறாலை நிறுத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் தடிப்பு முழுக்க விட்டு, மருந்தையும் நிறுத்தி ஒரு வாரம் ஆன பிறகு செய்யுங்கள். இரவில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்யுங்கள், மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரம் அவரே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.